வாடல் நேரம்

தொலைதூரக் கல்வி என்று பெயர்.
கோத்தகிரியிலிருந்து பார்த்தால் எல்லாமே தொலைதூரம்தான்:
கோயம்புத்தூரில் ஞாயிறு வகுப்பு,
ஊட்டியில் தேர்வறை,
மூன்றாம் வளைவு தாண்டினால் மட்டும் கிடைக்கும்
இரண்டு கோடு சிக்னல்.

புத்தகங்கள் வந்தது ஒரு ஜூலை மழையில்.
அட்டைப்பெட்டியின் அடி ஊறி
செயல்பாட்டு மேலாண்மை, பகுதி ஒன்று
பன் போல உப்பியிருந்தது.
டிரையர் பக்கத்தில் வைத்து உலர்த்தினேன்.
இன்றைக்குத் திறந்தாலும்
முதல் அலகு டஸ்ட் தேயிலை மணக்கும்.

எனக்கு இரவு ஷிஃப்ட். எட்டு வாடல் தொட்டிகள்.
இலையைப் பரப்பி விசிறியைப் போட்டால்
பன்னிரண்டு மணி நேரம், பதினான்கு,
மழைநாளில் அதற்கும் மேல்.
அது வாடுகிற வரை நான் படிப்பேன்.
மணிக்கொரு தரம் எழுந்து போய்
ஒரு பிடி அள்ளி உள்ளங்கையில் இறுக்குவேன்.
விட்டதும் விரிந்தால் இன்னும் ஆகவில்லை.
உருண்டையாகவே நின்றால்
மெஷினுக்கு அனுப்பலாம்.

நான்காம் அலகு சொன்னது:
காத்திருப்பு ஒரு விரயம்.
ஏழு விரயங்களில் அதுவும் ஒன்றென்று
கட்டம் போட்டு, கொட்டை எழுத்தில்.
விசிறி இரைச்சலில் அதை இரண்டு முறை வாசித்தேன்.
என் முன்னால் ஆறாயிரம் கிலோ பச்சை இலை
காத்துக்கொண்டிருந்தது.

முதல் முறை, வரிசைக் கோட்பாட்டுத் தாளில்
முப்பத்து நான்கு.
ஆறு மதிப்பெண்ணில் போச்சு.
"படிச்சவனே பெயிலாகுறான், யோகநாதா"
என்றார் டிரையர் தர்மலிங்கம்.
அது ஆறுதல்தானா என்று
இன்றுவரை தெரியவில்லை.

அடுத்த தேர்வுக்கு ஆறு மாதம்.
வரிசையைப் புத்தகத்தில் பார்ப்பதை விட்டு
கேட்டில் போய்ப் பார்த்தேன்.
வந்து சேரும் வேகத்துக்குப் புத்தகத்தில் லாம்டா என்று பெயர்.
இங்கே அதற்கு ஹாலன், ரஃபீக், கட்டபெட்டு போஜன்;
மாலை ஐந்துக்குப் பதினோரு பிக்கப் வண்டிகள்.
ஹாலன் வண்டியில் ஒரு சாக்குக்குள் கையை விட்டேன்.
சுட்டது.
நடு இலை சிவக்கத் தொடங்கிவிட்டது.

நான்கு நாள். கைபேசி ஸ்டாப்வாட்ச், ஒரு ரூல் நோட்டு.
எடை பார்க்க மூன்று நிமிடம்.
சீட்டு எழுத நான்கு:
மூன்று பிரதி, கார்பன் தாள்,
"போஜன்னு மட்டும் போட்டா போதுமா, எந்த போஜன்?"
அந்த நான்கு நிமிடமும்
தராசின் மேல் வண்டி நிற்கிறது,
தராசுக்கு வேலையில்லை.

மேசையைப் பத்தடி தள்ளிப் போடச் சொன்னேன்.
அவ்வளவுதான்.
மேசை நகர ஒன்பது நாள் ஆனது.
மேனேஜர் காரணம் கேட்டார், கணக்கர் எழுத்தில் கேட்டார்,
மேசை யார் பொறுப்பில் இருக்கிறது என்பதே
தனி விசாரணை.
பத்தாம் நாள் கடைசி வண்டி
ஒன்றேகால் மணி நேரத்துக்குப் பதில்
முக்கால் மணியில் முடிந்தது.
ஹாலன் ஒன்றும் சொல்லவில்லை.
சாக்கை இறக்கினார், வண்டியைத் திருப்பினார்,
இருட்டுமுன் வீட்டுக்குப் போனார்.
டீக்கடை ஷைலஜா மட்டும்
ஒரு வாரம் என்னை முறைத்தாள்.

ஊட்டி, ஜனவரி. மைதானப் புல்லில் உறைபனி.
பேனா எழுத மறுத்தது;
அக்குளில் வைத்துச் சூடேற்றினேன்.
ஏழாம் கேள்வி: விரயங்களை விளக்குக.
ஏழையும் எழுதினேன்.
பிறகு யாரும் கேட்காமலே ஒரு பத்தி:
எல்லாக் காத்திருப்பும் ஒன்றல்ல.
சாக்கில் காத்திருக்கும் இலை அழுகும்,
தொட்டியில் காத்திருக்கும் இலை மணக்கும்.
வித்தியாசம் காற்று.

திருத்தியவர் அதற்கு ஏதாவது போட்டாரா,
குறுக்கே கோடிழுத்தாரா, தெரியாது.
மொத்தம் அறுபத்து மூன்று.

முடிவைப் பார்த்தது மூன்றாம் வளைவில், இரவு பத்தேகாலுக்கு.
அரைமணியில் வருவதாகத் தர்மலிங்கத்திடம் சொல்லியிருந்தேன்.
திரும்பும் வழியில் ஒரு காட்டெருமை
சாலையின் நடுவில் நின்றது.
எப்போது நகரும் என்பதற்கு
எந்த அலகிலும் சூத்திரம் இல்லை.
பைக்கை அணைத்தேன், விளக்கையும்.
ஐந்தாம் தொட்டி
இந்நேரம் வாடியிருக்கும்.